ரெஜியின் இடது கை

ஆரணியிலிருந்து போளூர் வழியாகக் கலசப்பாக்கம் போகும் தனியார் பஸ்ஸில் ரெஜி கண்டக்டர். ஜிபே வந்த பிறகும் அந்த ரூட்டில் பாதிப் பேர் சில்லறைதான் நீட்டுவார்கள். கூட்டமில்லாத நேரத்தில் ரெஜி ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, கையை மூடி, ஊதித் திறப்பார். காசு இருக்காது. அழுகிற குழந்தையின் காதோரத்திலிருந்தோ, மடியில் புடவை மூட்டையோடு தூங்கி வழிகிற வியாபாரியின் சட்டைப் பையிலிருந்தோ அது வெளியே வரும். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. கட்டைவிரலின் அடிச்சதையில் காசைக் கவ்விக்கொண்டே, வெறுங்கை போல விரல்களை ஆட்ட வேண்டும். அது கைவர அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கையில்தான் பஸ்ஸின் பின்கதவு அடித்தது. டிரைவர் பிரேக் போட்ட வேகத்தில் கதவு சாத்திக்கொண்டு, வலது கட்டைவிரலின் அடி எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு டிக்கெட் மிஷினைப் பிடிக்க முடிந்தது, சாப்பிட முடிந்தது. காசு மட்டும் நிற்கவில்லை. வேலைக்குத் திரும்பிய வாரமே ஒரு கைக்குழந்தைக்காக ஆசையோடு கையை மூடித் திறந்தார். காசு நழுவி சீட்டுக்கு அடியில் உருண்டது. பஸ்ஸே குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது ரெஜிக்கு. அன்றோடு வித்தையை விட்டார்.

வீட்டில் அவர் பேச்சும் குறைந்துபோனது. அவர் மனைவி ஜாய்ஸ் பள்ளிக்கூட டீச்சர். கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு ஒரு பார்சலை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே ஒரு ஐந்து ரூபாய்க் காசு. வெட்டி, ஓரத்தில் ரப்பர் கோத்து, மடங்குகிற மாதிரி செய்திருந்தார்கள். மடக்கி பாட்டில் வாய்க்குள் விட்டால் உள்ளே போய் விரிந்துகொள்ளும். பார்க்கிறவனுக்குக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

“இது ஏமாத்து வேலை ஜாய்ஸ்,” என்றார் ரெஜி.

“காதுலேர்ந்து காசு எடுத்தீங்களே, அது மட்டும் இன்னாவாம்? சத்தியமா?”

பல நாளைக்குப் பிறகு ரெஜிக்குச் சிரிப்பு வந்தது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் விழாவில் சர்ச் மேடையில் பாட்டிலைக் குலுக்கினார். உள்ளே காசு கிலுகிலுத்தது. கடைசி வரிசைவரை கைதட்டல். ஆனால் பஸ்ஸில் அது எடுபடவில்லை. ரங்கசாமி என்று ஒரு நெசவாளர் தினமும் வருவார், எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார்.

“அந்தக் காசைக் குடுப்பா, பாக்கலாம்.”

ரெஜி காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “டிக்கெட், டிக்கெட்” என்று நகர்ந்துவிட்டார். முன்பெல்லாம் அவரே காசைப் பயணிகள் கையில் கொடுத்து, கடித்துப் பாருங்கள் என்பார். இப்போது ஒளிக்க வேண்டியிருக்கிறது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பங்குனியில் ஒரு முகூர்த்த நாள். பஸ்ஸில் எள் போட்டால் விழாது. அந்த நெரிசலில் மடங்குகிற காசு சில்லறையோடு சில்லறையாய்ப் போய்விட்டது. யாரிடம் போனது என்று மறுநாள் காலையில் தெரிந்தது. பூக்காரி கன்னியம்மாள் கூடையோடு ஏறியதும் ஏறாததுமாய்ப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா கண்டக்டரே, நல்லா கீதா? நீ குடுத்த காசை டீக்கடையில குடுத்தேன். அவன் மேஜை மேல தட்டுறான், அப்பளம் மாதிரி மடங்கிகினு நிக்குது! கள்ளக் காசு மாத்த வந்தியான்னு நாலு பேர் எதிர்ல கேட்டான். எனக்கு எப்டி இருக்கும்?”

பஸ் திரும்பிப் பார்த்தது. காசு மாறிப்போச்சு என்று சொல்லி வேறு கொடுத்துவிடலாம். ரகசியம் காப்பாற்றப்படும். ஆனால் கன்னியம்மாளின் கண் கலங்கியிருந்ததை ரெஜி பார்த்துவிட்டார்.

“தப்பு என்மேலதான்கா. மன்னிச்சுக்க,” என்றவர், டிரைவரின் தண்ணீர் பாட்டிலை வாங்கினார். கன்னியம்மாளிடமிருந்து காசை வாங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடக்கிக் காட்டினார். ரப்பரைக் காட்டினார். உள்ளே விட்டுக் குலுக்கி, வெளியே எடுத்தும் காட்டினார்.

“அட, இவ்ளோதானா!” என்றார் ரங்கசாமி.

கன்னியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். “இங்க குடு.” இரண்டு தரம் சொதப்பினாள். மூன்றாவது தரம் காசு சட்டென்று உள்ளே போயிற்று. அவள் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

“நீயே வச்சுக்கக்கா. அந்த டீக்கடைக்காரன்கிட்ட காட்டு.”

“அப்போ உனுக்கு?”

“எனக்கு இன்னொரு கை கீதே.”

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று பட்டது. அன்றே இடது கையில் தொடங்கினார். சாம்பாரில் விழுந்தது, ஜாய்ஸ் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளில் விழுந்தது. “ஸ்டவ் பக்கம் மட்டும் வராதீங்க,” என்றாள் அவள். பஸ்ஸிலும் மறைக்காமல் பழகினார். விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பொறுக்கிக் கொடுத்து, “இன்னொரு தபா” என்பார். எத்தனை தரம் விழுந்தாலும் இப்போது ரெஜிக்குக் கூசவில்லை.

ஆடி முடிகிற சமயம், ரங்கசாமி ஒரு காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ரெஜியின் இடது உள்ளங்கையில் வைத்தார். ரெஜி மூடி, ஊதி, திறந்தார். ரங்கசாமி வலது கையைச் சோதித்தார், சட்டைப் பையைச் சோதித்தார், குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

“எங்கேப்பா போச்சு?”

ரெஜி விசில் ஊதி பஸ்ஸை எடுக்கச் சொன்னார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கன்னியம்மாளையும் மேடைக்கு அழைத்தார்கள். அவள் தன் கையால் கட்டிய மல்லியை நிறைய வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையில் வந்தாள். அவள் பாட்டிலைக் குலுக்கினாள். ரெஜி கீழே இறங்கி, வரிசை வரிசையாய்ப் போய், பார்ப்பவர்கள் கையிலேயே காசைக் கொடுத்து வாங்கி மறைத்தார். கைதட்டல் கன்னியம்மாளுக்குத்தான் அதிகம். ரெஜியும் சேர்ந்து தட்டினார்.