பேனலுக்கு வைத்த பொட்டு

“தாடைய மேல தூக்கு. நெஞ்ச பலகையோட ஒட்டிக்கினு நில்லு,” என்றார் வனஜா அக்கா.

“ஜில்லுன்னு கீதே சிஸ்டர்!”

“உள்ள மாப்ள கீறாரு இல்ல, அவுருக்கு ஏசி இல்லாம ஆவாது. தோள முன்னால தள்ளு. நான் சிஸ்டரும் இல்ல.”

“அப்ப இன்னான்னு கூப்புடறது?”

“கூப்புடவே வாணாம். மூச்ச இழு. புடி, புடி, புடி… உட்ரு.”

“அவ்ளோதானா? படம் எப்ப வரும்?”

“வந்துருச்சு நைனா. சட்டைய மாட்டு.”

சட்டையை மாட்டியவர் பெயர் லட்சுமணன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வந்திருந்தார். பல வருடம் ஒப்பந்தக்காரர்களிடம் அலைந்த பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது. உடல் தகுதிச் சான்று மட்டும்தான் பாக்கி. அதற்காகத்தான் அந்தப் படம்.

வனஜா அக்கா எங்கள் ஸ்கேன் சென்டரின் எக்ஸ்ரே டெக்னீஷியன். அவர் எடுக்கும் படங்களுக்கு டாக்டர் சொல்லும் அறிக்கையை நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன். வந்தவர்களுக்குத் தமிழில் விளக்கி அனுப்புவேன். ‘புடி’ என்று சொல்லும்போது அவரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து தினமும் பார்க்கிறேன். கேட்டால், “பாதி நாள் நான் மூச்சே உடறதில்ல கண்ணு, அதான் இப்டி ஊதிட்டேன்” என்பார். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்களிடம் வாதாட மாட்டார். “கழட்ட வாணாம்மா, சரட வாயில கவ்விக்கோ. மாமியார் கேட்டா என் பேரச் சொல்லு.”

மாப்ள என்பது பேனல். தடித்த சிலேட்டைப் போல ஒரு கறுப்புத் தட்டு. ஃபிலிமும் இல்லை, அதைக் கழுவும் வேலையும் இல்லை. உடம்பைத் தாண்டி வரும் கதிர் அதன்மேல் பட்ட சில நொடிகளில் படம் கணினித் திரைக்கு வந்துவிடும். சூடு ஆகாது, ஈரம் ஆகாது, கீழே விழவே கூடாது. வாய் திறந்து கேட்காமல் எல்லா உபசாரமும் நடக்க வேண்டியிருப்பதால் வனஜா அக்கா அதற்கு அந்தப் பெயரை வைத்தார். தொழிற்சாலை முகாம்களுக்கு ஆட்டோவில் போகும்போது அதை மடியில் வைத்து, துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். ஆவடி சாலையில் பள்ளம் வந்தால் ஓட்டுநருக்கு விழும்: “அண்ணாத்தே, மாப்ள வண்டில கீறாரு. பாத்து உருட்டு!”

ஒரே ஆளை இரண்டாவது முறை படம் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. “என் படத்தப் பாத்து யாரும் திருப்பி எடுன்னு சொன்னதில்ல” என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். அது உண்மையும்கூட.

லட்சுமணனின் படத்தை டாக்டர் கிருஷ்ணப்பிரியாவும் திருப்பி எடுக்கச் சொல்லவில்லை. இடது நுரையீரலின் மேல் பகுதியில் சிறிய, வட்டமான குழி போலத் தெரிகிறது, காசநோய்க்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்று அறிக்கை தந்தார். தொழிற்சாலை லட்சுமணனைச் சேர்ப்பதை நிறுத்திவைத்தது; அந்த வாரத்துக்குள் சான்று வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்றது. லட்சுமணன் என் மேசை முன்னால் வந்து நின்றார். “இருமல்கூட இல்லம்மா எனக்கு,” என்றார். உள்ளே வனஜா அக்கா ஒரு பெண்மணிக்கு முழங்கால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்மணி போன பிறகும் வனஜா அக்கா திரையைவிட்டு நகரவில்லை. மூட்டுக்கு மேலே, தொடைச் சதையில், அதே அளவில் ஒரு கறுப்பு வட்டம். எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்து வந்தார். பேனலின் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, டப்பை வைத்து, படம் எடுத்தார். சமமான சாம்பல் நிறத்தில் தண்ணீர் வந்தது. அதன் மேல் மூலையில் அதே வட்டம்.

“இன்னாடி இது, தண்ணிக்கும் டி.பி. வந்துருச்சா?” என்று சிரித்தார். உடனே எதனால் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆயுத பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவர் அவர். மாப்ளைக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார், அதுவும் கதிர் படும் முகத்திலேயே. மறுநாள் விஜயதசமி. பேனலுக்குக் காலிபரேஷன் செய்யவேண்டிய நாளும் அன்றுதான் வந்தது. எதிரே ஒன்றுமே இல்லாமல் கதிரைப் பாய்ச்சி, வெற்று இடம் எப்படி இருக்கும் என்று பேனலுக்குக் காட்டும் வேலை அது. நல்ல நாளில் பொட்டை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. பொட்டோடு சேர்த்தே காட்டிவிட்டார். பேனல் அதையும் வெற்று இடத்தின் பங்கு என்று எடுத்துக்கொண்டு, பொட்டு தடுத்த கதிரை அங்கே ஈடுகட்டப் பழகிக்கொண்டது. அதற்கடுத்த காலையில் ஸ்பிரிட் போட்டுப் பொட்டைத் துடைத்த பிறகு, அது இருந்த இடத்தில் கதிரைக் கூட்டிக் காட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் பேனல் ஒரு கறுப்புக் குழியை வரைந்துகொண்டிருந்தது.

துடைத்த பேனலுக்கு மறுபடி காலிபரேஷன் செய்து, மறுபடி தண்ணீரைப் படம் எடுத்தார். வட்டம் இல்லை. பிறகு, இடையில் வந்து போன எல்லோருக்கும் அவரே போன் செய்தார். “உங்க உடம்புல ஒண்ணும் இல்ல, என் கையில தப்பு. ஒரு தபா வந்து நில்லுங்க.” சிலர் திட்டினார்கள். “திட்டிக்கோ, ஆனா வந்துரு,” என்றார். முதலில் வந்து நின்றவர் லட்சுமணன். படம் வந்ததும் வனஜா அக்கா அவரைக் கையைப் பிடித்துத் திரை முன்னால் இழுத்துப்போய்க் காட்டினார். இரண்டு நுரையீரலும் சுத்தமாக இருந்தன. டாக்டரும் பார்த்துவிட்டு அறிக்கையை மாற்றித் தந்தார்.

தொழிற்சாலைக்குப் போய் லட்சுமணனுக்கு அந்த வேலையை மீட்டுத் தந்த கடிதம் நான் தட்டச்சு செய்ததுதான். “தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டு அனுப்பிடுங்க, யாரு தோண்டிக் கேக்கப்போறாங்க?” என்று சென்டர் முதலாளி பாண்டியன் சொல்லியிருந்தார். அப்படியே அடித்தேன். வனஜா அக்கா பின்னால் வந்து நின்று, உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

“மெஷின் கோளாறுன்னா போட்டுகீற?”

“முதலாளி சொன்னார் அக்கா.”

“மெஷினே கோளாறுன்னா ரெண்டாவது படத்த எவன் நம்புவான்? அதுவும் இதே மெஷின்தான? வேற எடத்துல எடுத்துக்கினு வான்னுவான். அதுக்குள்ள இவன் வேலைய வேற ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துருவான்.” என் நாற்காலிக்கு இன்னும் நெருங்கி வந்தார். “அத அழிச்சிரு கண்ணு. டெக்னீஷியன் தப்புன்னு போடு. பொட்டு வெச்சதையும் போடு. கீழ என் பேரு, என் போன் நம்பரு. சந்தேகம் கீறவன் என்னையே கேக்கட்டும்.”

சொல்லிவிட்டு, திரையில் நான் அடித்திருந்த அந்த இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்தார். நான் அழித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை.