பூஜையில் வைத்த வயலின் வில்

அன்று காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, தங்கை மஞ்சு, நான், எதிர் வீட்டு அஞ்சலை அக்கா. லேப்டாப் திரையில் மெல்பர்னிலிருந்து இரண்டு பெண்கள், ஒரு ஆண். மொத்தம் ஏழு பேர். இப்படிப் பட்டியல் போட்டு ஆரம்பிப்பது சிங்கப்பூர் எனக்குப் பழக்கியது. நான் வேலை செய்யும் கப்பல் பட்டறையில் ஒருவன் விரலில் கீறல் விழுந்தாலும் சேஃப்டி ஆபீசர் ஒரு தாளை நீட்டுவார். அதில் முதல் கேள்வியே, அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான். ஒரு ஸ்பேனரை எடுக்கக்கூட நோட்டில் பெயர், நேரம், கையெழுத்து. வந்த புதிதில் இது எனக்கு விநோதமாக இருந்தது. அதற்கு முன் ஊர்ப்பக்கம் சேதராப்பட்டு கம்பெனியில் ஒன்பது வருடம் ஃபிட்டராக இருந்தேன். அங்கே எந்தச் சாமானை யார் தொட்டார்கள் என்று எவரும் எழுதியதில்லை. "எவன்டா என் ரிங் ஸ்பேனர எட்த்தது?" என்று யாராவது கத்துவார்கள், எல்லோரும் சிரிப்போம், சாயங்காலத்துக்குள் அது தானாக வந்து சேர்ந்துவிடும். எழுதி வைக்காத ஊர் நல்ல ஊர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். மஞ்சு அப்படியில்லை. வில்லியனூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் வயலினைக் கையில் எடுத்தவள், சென்னையில் அதிலேயே பட்டமும் வாங்கிவிட்டாள். வயலின் வாசிப்பிலேயே மேற்படிப்பு படிக்க மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாள். முதலில் கேட்ட வீடியோவில் தேறினாள். அடுத்தது அவர்கள் முன்னால், வீட்டிலிருந்தே, நேரலையில் பன்னிரண்டு நிமிடம் வாசிக்க வேண்டும். அது பிடித்துப்போனால் படிப்புக் கட்டணம் முழுதும் தள்ளுபடி. பிடிக்காவிட்டால் அவ்வளவுதான். காசு கட்டிப் படிக்க வைக்கிற வீடு இல்லை எங்களுடையது. அவர்களுடைய பகல் பன்னிரண்டு மணி நமக்குக் காலை ஆறரை. கொடுத்த தேதி விஜயதசமியாகப் போயிற்று. "பாத்தியா, சரசொதியே நாள் குறிச்சிக் குட்த்துட்டா" என்று அம்மா போனில் சிரித்தாள். நான் லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

நான் பயந்த சுபாவக்காரன். எது கெட்டுப்போகும் என்று யோசித்து வைத்தால்தான் தூக்கம் வரும். கரண்ட் போகும் என்று இன்வெர்ட்டர் வாடகைக்கு எடுத்தேன். நெட் போகும் என்று இரண்டு கம்பெனி சிம் வாங்கினேன். அஞ்சலை அக்காவின் சேவலைக்கூட விடவில்லை.

"யக்கா, நாளிக்கி ஆறரைலேர்ந்து ஏழு வரிக்கும் சேவ கூவக்கூடாது."

"ஏன்டா, அதும் பரீட்ச எய்துதா?"

"வெளையாடாதக்கா."

"கூடையப் போட்டு கவுத்துட்றன் போ. உன் பயத்துக்கு உன்னையும் சேத்துக் கவுக்கணும்."

இத்தனைக்கும் பயந்தவன் ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை. முந்தின நாள் ஆயுத பூஜை. கம்பெனியில் அந்த நாளில் நாங்கள் முதலில் செய்வது சாமான்களைத் துடைப்பது. பனியன் வேஸ்ட் என்கிற துணிக்கழிவை எண்ணெயில் நனைத்து, துரு, தூசு எல்லாம் போக ஒவ்வொன்றாக வழித்தெடுத்துப் பளபளவென்று ஆக்கிய பிறகுதான் சந்தனமும் குங்குமமும். அன்று சாயங்காலம் வீட்டிலும் அப்படியே செய்தேன். என் பழைய ஸ்பேனர்கள், அம்மாவின் அரிவாள்மணை, கத்தரிக்கோல், சைக்கிள் செயின். மஞ்சு தலைகுளிக்கப் போயிருந்தாள். வயலின் பெட்டி திறந்திருந்தது. வில்லில் இழுத்துக் கட்டியிருந்த முடி முழுக்க வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. நாளைக்கு வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கும்போது இப்படியா இருப்பது என்று தோன்றியது. அதே வேஸ்ட்டால் மேலிருந்து கீழாக இரண்டு இழுப்பு. சுத்தமாகிவிட்டது. பிறகு அம்மா வந்து வயலினுக்கும் வில்லின் கட்டைக்கும் பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும் வரை யாரும் தொடுவதில்லை.

காலை ஆறு மணிக்கு அம்மா கற்பூரம் காட்டினாள். மஞ்சு வில்லை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். சத்தம் வரவில்லை. ஈரத் தரையில் செருப்பு வழுக்குவது போல வில் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொரு முறை இழுத்தாள். விரலால் முடியைத் தொட்டு முகர்ந்தாள்.

"எம்மா, வில்ல யாரு தொட்டது?"

"பொட்டு வெச்சன்டி. ஏன், இன்னா ஆச்சி?"

"எண்ண பட்டிருக்குது. முடில எண்ண பட்டா கம்பியப் புடிக்காதும்மா. புடிக்கிறதுக்குத்தான் குங்கிலியம் வெள்ளையாத் தேச்சி வெச்சிருந்தேன், ஒண்ணுமே இல்ல. குதிர முடிம்மா இது, மாத்தணும்னா மெட்ராசுக்குத்தான் போவணும்."

"குதிர முடியா?" அம்மா வாயில் கை வைத்தாள். "அதப் போயி சாமி பக்கத்துல வெச்சிட்டமேடி. வெளக்குக்கு எண்ண ஊத்தன கை, நல்லாத் தொடச்சிட்டுத்தான் பொட்டு வெச்சன், சத்தியமா…"

மஞ்சு அம்மாவின் கையைப் பார்த்தாள். நான் இன்வெர்ட்டர் வயரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். என் வாய்க்குள் வார்த்தை தயாராக இருந்தது. பரீட்சைக்கு முன்னால் சொன்னால் அவள் கை நடுங்கும், முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மிச்சமிருந்த நேரத்தில் குங்கிலியத்தைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அது எண்ணெயோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. ஆறரைக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. பின்னால் இருந்த சாமந்தியையும் மாவிலையையும் பார்த்து ஒரு அம்மையார், வீட்டில் என்ன விசேஷம், மிக அழகு என்றார். மஞ்சு வாசித்தாள். பாதி சுரம் கேட்டது, பாதி காற்றாகப் போனது. மைக்கில் கோளாறா என்று கேட்டார்கள். இல்லை, வில் என்றாள். அப்படியானால் உங்களுடைய இன்னொரு வில்லை எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்று அந்த அம்மையார் அன்பாகச் சொன்னார். இன்னொரு வில் இல்லாமல் ஒருத்தி வயலின் பரீட்சைக்கு உட்காருவாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. "நோ அதர் போ, மேம்," வேறு வில் இல்லை என்றாள் மஞ்சு. நாலு நிமிடத்தில் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். அஞ்சலை அக்கா வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "முட்ஞ்சிதா? கூடையத் தூக்கிடலாமா?" என்று கேட்டாள்.

நடந்ததைச் சொல்லி மறு தேதி கேட்டு மஞ்சு எழுதினாள். தேர்வு முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாக நாலு வரி வந்தது. அதற்குள் நான் விமானம் ஏறிவிட்டேன், சொல்லாமலே.

இப்போது மஞ்சு திருபுவனையில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். பேக்கிங் செக்‌ஷன், காலை ஷிஃப்ட். வயலின் பீரோ மேலே இருக்கிறது. அம்மாவோடு அவள் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அம்மா மட்டும் போனில் என்னிடம், "நான் நல்லாத்தான்டா கை தொடச்சேன், உனுக்குத் தெரியுமில்ல?" என்று வாராவாரம் கேட்கிறாள். "தெரியும்மா" என்கிறேன். நான் சொல்வதிலேயே அது ஒன்றுதான் உண்மை. ஒருநாள் பட்டறையில் மெஷினைத் துடைக்காமல் வேஸ்ட்டும் கையுமாக நின்றிருந்தேன். சீன சூப்பர்வைசர் வந்து, "யூ சிக் ஆ?" என்றார். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "மை சிஸ்டர், வயலின், ஆயில்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் யோசித்து, "ஓ, வயலின் ஃபேக்டரி வொர்க்! குட் லா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அவளிடம் சொல்லாததை அச்சில் போடத் துணிந்திருக்கிறேன். இதை அவள் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். இரண்டுக்கும் பயமாக இருக்கிறது. மெல்பர்னுக்காக அவள் எழுதிய இங்கிலீஷ் பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் நான் கட்டியது இருபத்தெட்டாயிரம். வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் கேட்காமல், சம்பளம் வந்ததும் என் வில்லியனூர் வங்கிக் கணக்கில் மாதம் இரண்டாயிரம் போட்டுவிடுகிறாள். இங்கே கப்பலின் வயிற்றுக்குள் நான் கிரீஸ் கையோடு நிற்க, அங்கே நான் இல்லாத ஊரில் என் பெயரில் யாரோ ஒருவன் அவளிடம் வசூல் செய்துகொண்டிருக்கிறான். நேற்றும் செய்தி வந்தது: "அண்ணா, இந்த மாசத்துது போட்டுட்டேன். இன்னும் பதினெட்டாயிரம் பாக்கி."