கடப்பாரைக்கு வந்த பதில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்தக் கடப்பாரையைப் பிடித்திருந்தது என் கை. போன நவம்பரில், பிச்சாட்டூர் பக்கம் ஒரு சின்ன ஊரில், பொழுது சாய்வதற்கு முன்பே நடந்தது.

நகரியில் தறி நின்ற பிறகு நான் கிடைத்த வேலைக்குப் போகிறவன். பள்ளம் தோண்டுவேன், செங்கல் சுமப்பேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அந்த ஊர் சர்ச்சின் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ரூபா என்ற பெண் கூப்பிட்டாள். சென்னைக்காரி. அந்தச் சபையின் சரித்திரத்தையும் தன் குடும்பத்தின் சரித்திரத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் கல்லில் பாசியைச் சுரண்டி சாக்பீஸ் தூளைத் தடவுவேன். எழுத்து வெள்ளையாக எழும்பும். அவள் போட்டோ எடுப்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கல். கன்னிகாவின் கல். ரூபாவின் அம்மா மனோரமாவைப் பெற்ற அன்றே செத்துப்போனவள் கன்னிகா. அந்த மனோரமா இப்போது திருப்பதியில் ஆஸ்பத்திரியில், இன்றோ நாளையோ என்று கிடந்தாள். தன்னை அம்மா பக்கத்தில் வைக்கச் சொல்லி மகளிடம் கேட்டிருந்தாள். தோட்டமோ நிறைந்துவிட்டது. சொந்தக்காரரின் கல்லைக் காட்டினால்தான் பக்கத்தில் இடம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். சபையின் பழைய புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது.

நின்ற கற்கள் எல்லாம் பார்த்து முடித்தோம். கன்னிகா இல்லை. மழை விட்ட சாயங்காலம். என் முட்டி வீங்கியிருந்தது. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

"அண்ணா, நாளைக்குப் பாக்கலாமா? உங்களால நிக்கவே முடியல."

"நாளிக்கி வரைக்கும் உங்க அம்மா காத்துக்கினு இருப்பாங்களாம்மா?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. நான் கடப்பாரையை எடுத்தேன்.

மண்ணுக்குள் போன கல்லைத் தேட, கடப்பாரையின் மொண்ணைப் பக்கத்தால் தரையைத் தட்டிப் பார்ப்போம். வெறும் மண் 'பொத்' என்னும். கல் இருந்தால் 'டொக்'. கல்லறை மண் என்றால் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே இருப்பவரிடம் உத்தரவு கேட்பது அது. என் நைனாவும் அப்படித்தான் செய்வார்.

மணி நாலரை இருக்கும். வேப்பமரத்தடியில் தட்டினேன்.

பொத். பொத். பொத்.

டங்... டங்.

மதில் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் என்று நினைத்தேன். அலுத்த காது. தள்ளிப் போய் மறுபடியும் மூன்று தட்டினேன்.

டங்... டங்.

திரும்பும் சத்தம் என்றால் மூன்று வர வேண்டுமே.

"நீங்க எதுனா தட்னீங்களாம்மா?"

"நானா? போனைத்தான் பாத்துட்டிருக்கேன். டவரே இல்ல."

"ரெண்டு தட்டு கேட்டுச்சா?"

"நீங்க தட்டினதுதான். மூணு."

இடது பக்கம் போனேன். பதில் தேய்ந்தது. வலது பக்கம் வந்தேன். பெரிதானது. மண்ணின் சத்தம் இல்லை அது. கல்லின் சத்தமும் இல்லை. யாரோ தகரத்தை விரலால் தட்டுகிற சத்தம்.

ஓடக்கூட உடம்பில் தெம்பில்லை. சத்தத்தின் பின்னாலேயே போனேன்.

மதில் மூலை. காட்டாமணக்குப் புதர்.

தட்டினேன்.

டொக். கல்.

பதில் இல்லை. நின்றேன்...

என் காலடியிலிருந்து வந்தது. ஒன்றே ஒன்று.

டங்.

எப்படித் தோண்டினேன் என்று தெரியாது. கல் குப்புறக் கிடந்தது. இரண்டு பேருமாகப் புரட்டினோம். ஈர மண்ணைத் துடைத்து விரலால் தடவிப் படித்தேன். க... ன்... னி... கா. ரூபா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது கேட்டருகில் ஹாரன் சத்தம். மணி ஐந்தேகால். ஒரு வேன். ரூபாவின் தம்பி இறங்கினான்.

"எத்தன வாட்டி போன் பண்றது, அக்கா..." என்றான். வேனின் பின்கதவைத் திறந்தான். மனோரமா மத்தியானமே போய்விட்டாள். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள்.

மறுநாள் காலை நான்தான் குழி வெட்டினேன். மூன்று தட்டு தட்டவில்லை. கை வரவில்லை.

எல்லாம் முடிந்து ரோட்டோர டீக்கடையில் நின்றபோது வேன் டிரைவர் சிட்டிபாபு பக்கத்தில் வந்தான்.

"ஒண்ணு கேக்கட்டாண்ணா? சிரிக்காத. நேத்து புத்தூர் தாண்டனதும் பொட்டிக்குள்ள ஒரே சத்தம். கொண்டி லூசுன்னு ரெண்டு வாட்டி எறங்கிப் பாத்தேன். கெட்டியாத்தான் கீது. வண்டிய எடுத்தா மறுபடியும்."

"எப்பிடிப்பா?"

வேன் கதவை விரலால் தட்டிக் காட்டினான்.

டங்... டங்.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். எவனோ கேக்கறதுக்கு பதில் சொல்றாப்ல மறுபடியும் ரெண்டு. இந்த ஊரு ஏரிக்கரைகிட்ட வரப்போ கடைசியா ஒண்ணே ஒண்ணு. அப்பால இல்ல. வெளிய சொல்லிடாதண்ணா, வண்டிய எவனும் கூப்புட மாட்டான்."

"மணி இன்னா இருக்கும்?"

"அஞ்சு."

கடைசியாக வந்தது ஒன்றுதான் என்பதை நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ரூபாவிடம்கூட.