ஏழாம் நம்பருக்கு ஒரு சிபாரிசு

கல்லூரி டீமில் என் மகள் ஆடிய முதல் பாஸ்கெட்பால் மேட்சை அமீரகத்துப் புஜைராவில் எங்கள் வீட்டு டிவியில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோம். நான், என் மனைவி, எதிர் ஃப்ளாட் மதுரைக்காரர். சனிக்கிழமை மதியம் பிரியாணி முடிந்த நேரம். சென்னையில் மாலை நான்கு மணி. மைதானத்தின் மூலையில் ஒரே ஒரு கேமராவை நட்டு வைத்து யூடியூபில் விட்டிருந்தார்கள்.

மதுரைக்காரர் பாலிடெக்னிக்கில் பாஸ்கெட்பால் ஆடியவர். எத்தனை மேட்ச் ஆடினார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எனக்கு அதுவும் கிடையாது. ஆனால் பத்து வருடமாக மகளைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவன் என்பதால், விளையாட்டைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே பள்ளியில் ஆடும்போது டீம் எடுக்கும் பாயிண்டில் பாதி அவளுடையதாக இருக்கும். அதை வைத்துத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்தது. முதல் வருடம். கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு 'துபாய் ஸ்டார்' என்று வேறு எழுதியிருந்தார்கள். புஜைரா என்று சொன்னால் சென்னையில் யாருக்கும் விளங்காது, எல்லாமே துபாய்தான்.

அந்த ஸ்டாருக்கு அன்று மூன்றாவது குவார்ட்டரில்தான் உள்ளே போக இடம் கிடைத்தது. ஏழாம் நம்பர் பனியன். இரண்டே ஷாட் போட்டாள், ஒன்று விழுந்தது. மற்ற நேரமெல்லாம் எதிர் டீமின் பதினொன்றாம் நம்பர் பெண்ணின் முன்னால் கையை விரித்தபடி, அவள் போகும் இடமெல்லாம் போய்க்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இவ அந்தப் பொண்ணோடவே சுத்துறா?" என்றேன்.

"பாசம்ணே," என்றார் மதுரைக்காரர்.

படத்துக்குப் பக்கத்தில் ரசிகர்களின் கமெண்ட் ஓடிக்கொண்டிருந்தது. 'ஏழு நல்லா ஓடுது' என்று ஒருவர். 'ஷூட் பண்ணவே பயப்படுது' என்று இன்னொருவர். 'இதுக்கா இவ்வளவு பில்டப்பு?' என்று மூன்றாவது ஆள். அவன் எதிரே இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. இரண்டாவது மேட்சும் அதே கதைதான். கொஞ்ச நேரம் ஆட்டம், நிறைய நேரம் பெஞ்ச்.

"இது பக்கா பாலிடிக்ஸ்ணே. சீனியர் புள்ளைங்க பந்தே குடுக்க மாட்டேங்குதுக. கோச்சும் அவுகளுக்குச் சாதகம்," என்றார் மதுரைக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், அப்படிப் பட வேண்டும் என்று காத்திருந்தேன்.

கல்ஃபில் இருபது வருடம் இருந்தால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தக் காரியமானாலும் முதல் கேள்வி, 'அங்கே நமக்கு யாரைத் தெரியும்?' என்பதுதான். நம் ஊரில் சிபாரிசு என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்வதை இங்கே 'வாஸ்தா' என்று அரபியில் சொல்லிவிடுவோம். வேற்று மொழி என்பதால் கூச்சம் தெரியாது. மதுரைக்காரரின் மச்சானோடு படித்தவர் அந்தக் கல்லூரி நிர்வாகத்தில் இருந்தார். நானே பேசினேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. "பொண்ணு ரொம்ப மனசு உடைஞ்சு போயிருக்கா சார், ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நல்லாருக்கும்," என்றேன். அது பொய். அவள் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க," என்றாள் மனைவி. அதற்குள் நான் ஊதி முடித்திருந்தேன்.

மூன்றாவது மேட்சில் முதல் ஐந்து பேரில் என் மகள் இறங்கினாள். நானும் மதுரைக்காரரும் கை குலுக்கிக்கொண்டோம். பந்து அவள் கைக்கு வந்துகொண்டே இருந்தது. போட்டாள். விழவில்லை. மறுபடி போட்டாள். வளையத்தில் பட்டு வெளியே போனது. பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு போடும் இடத்திலிருந்துகூட விழவில்லை. ஆனால் கோச் அவளை வெளியே எடுக்கவே இல்லை. பெஞ்சில் சீனியர் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒரு கமெண்ட் வந்தது. 'ஏழு என்ன, என்.ஆர்.ஐ. கோட்டாவா?'

எழுதியவன் கிண்டலுக்கு எழுதியிருப்பான். அது உண்மை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மதுரைக்காரர் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். மேட்சில் தோற்றார்கள்.

அன்று சாயந்திரம் மகள் ஃபோன் செய்தாள். எனக்கு ஹலோ சொல்லக்கூட நேரம் தரவில்லை.

"டிட் யூ கால் சம்ஒன், அப்பா?"

கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். நான் மழுப்பினேன். கோச்சே அவளிடம் சொல்லிவிட்டாராம்: 'உங்க அப்பா ஆசைப்பட்டாரு, முழு மேட்சும் ஆடிட்டு வா.' எல்லார் முன்னாலும்.

"சேர்ந்தப்ப அந்த டீம்ல நான் பன்னெண்டாவது ஆள்ப்பா," என்றாள். இப்போது தமிழில், மெதுவாக. "மூணு மாசத்துல ஏழாவதா வந்தேன். யாரும் சொல்லி வரலை. இன்னைக்கு மறுபடியும் பன்னெண்டு."

ஃபோனை வைத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது.

நான் எண்ணெய் டேங்குகள் இருக்கும் டெர்மினலில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். என் கூட பம்ப் பிரிவில் ஒரு பிலிப்பினோ இருக்கிறார். அவர்கள் ஊரில் கூடை மாட்டாத தெருவே இல்லை என்பார். மறுநாள்... இல்லை, திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் மனசு பொறுக்காமல் அவரிடம் என் ஃபோனில் முதல் மேட்சைக் காட்டினேன். என் தப்பைச் சொல்லவில்லை. மகளை ஏன் உட்கார வைத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தார்.

பந்தைப் பார்க்காதே, பதினொன்றாம் நம்பரைப் பார் என்றார். என் மகள் வருவதற்கு முன் அந்தப் பதினொன்று வரிசையாகக் கூடை போட்டிருக்கிறாள். மகள் வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. அவளுக்குப் பந்தே போய்ச் சேரவில்லை. அந்தப் பெண் கையை உதறிக்கொண்டு தன் ஆட்களிடம் கத்துவதுகூடத் தெரிந்தது.

"யுவர் டாட்டர் வெரி குட், சார்," என்றார். "கோச் ஆல்சோ வெரி குட்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கையாவது குஞ்சைப் பார்த்தது. நான் ஸ்கோர் போர்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

நிர்வாகத்தில் இருந்தவருக்கு ஃபோன் போட்டு, இனி எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கோச்சுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். பதில் வரவில்லை. மகளும் அம்மாவோடு மட்டும்தான் பேசினாள்.

அடுத்த மேட்சை நான் தனியாகப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் பெஞ்ச் பாதிதான் தெரியும். கடைசி நாற்காலியில் அவளுடைய முழங்காலும் ஷூவும் மட்டும் தெரிந்தன. மூன்று குவார்ட்டரும் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு சீனியர் பெண் ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டத்தை விட்டே வெளியே வந்தாள். ஷூ எழுந்தது.

உள்ளே போனவள் நேராக எதிர் டீமின் நாலாம் நம்பரிடம் போய் நின்றாள். ஒரு ஷாட்கூடப் போடவில்லை. நாலு இடப்பக்கம் போனால் இவளும் இடம், வலம் போனால் வலம். இரண்டு பாயிண்டில் ஜெயித்தார்கள். கமெண்டில் ஏழாம் நம்பரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவி அவளோடு பேசி முடித்துவிட்டு ஃபோனை என் பக்கம் நீட்டினாள். எப்போதும் கேட்பதைப் போல 'எத்தனை பாயிண்ட்?' என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"அந்த நாலாம் நம்பர் பொண்ணு, நீ உள்ள வந்தப்புறம் பந்தைத் தொடவே இல்லையேம்மா," என்றேன்.



"ஒரு தடவை தொட்டா," என்றாள். "அதுக்குக் கோச் திட்டினாரு."

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அடுத்த மேட்ச்ல ஒன்பதாம் நம்பரை எங்கிட்ட குடுத்திருக்காருப்பா," என்றாள். "அவளைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க."