பெலிக்ஸ் வகுத்த பாடு

சென்னையில் ஒரு கிளப்புக்கு ஏழு வருடம் பந்தாடியவர் என்றுதான் பெலிக்ஸை எங்கள் ஊரில் அறிமுகப்படுத்துவார்கள். ஆடினார் என்பது பெரிய வார்த்தை. ஏழு வருடமும் பெஞ்சைத் தேய்த்தார். அடித்தது ஒரே கோல். அதுவும் யாரோ உதைத்த பந்து இவர் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக்குத் திரும்பியதும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கோச் ஆனார். குப்பத்துப் பெண்களைச் சேர்த்து டீம் கட்டினார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாரை இறக்குவது என்பதில் முதல் மேட்சிலேயே வீட்டுக்கு வீடு சண்டை. சண்டை என்றாலே மனுஷன் ஒதுங்கிப் போகிறவர். ஏரியில் இன்று எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் முறை வகுத்திருக்கிறதே, பாடு, அதையே பந்துக்கும் கொண்டுவந்துவிட்டார். கோல் காக்கவும் பாடு, முன்னால் ஆடவும் பாடு. ஊர் குளிர்ந்துபோய் மேனேஜர் பட்டமும் கொடுத்தது. எந்த வீட்டு வலை என்று மீன் பார்க்காது. கோலில் யார் நிற்கிறார்கள் என்று எதிர் டீம் பார்க்கும் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. டீம் தோற்றுக்கொண்டே இருந்தது.

போன வருடம் மீஞ்சூரில் ஒரு மேட்ச். ஒரு கம்பெனி டீமுக்கு கோல்கீப்பர் தேடி இரண்டு பேர் வந்திருந்தார்கள். தேர்வானால் நிரந்தர வேலை. எங்கள் ஜெபசெல்வி கோலில் நின்றால் பந்து உள்ளே போவது அபூர்வம். அன்றைய பாடோ பெலிக்ஸின் மகள் ரோஸ்மேரிக்கு. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பெண்.

"இன்னிக்கு ஒரு நாள் என்னை நிக்க வைங்க சார்," என்று ஜெபசெல்வி கெஞ்சினாள்.

ரோஸ்மேரியும், "அவளே நிக்கட்டும் நைனா. என் பாட்டை அவளுக்கே குடுத்துடறேன்," என்றாள்.

"நீ விட்டுக்குடுத்தா நாளைக்கு ஊர்ல அவனவன் வந்து கேப்பான். நான் இன்னா பதில் சொல்றது? பாடுன்னா பாடுதான்," என்றார் பெலிக்ஸ்.

ஐந்து கோல் விழுந்தது. வந்தவர்கள் எதிர் டீம் கீப்பரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். ஜெபசெல்வி கிளவுஸைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரம் இறால் உரிக்கும் கம்பெனி வேனுக்காக அவள் ரோட்டில் நின்றிருந்தாள். பெலிக்ஸ் சிரித்த முகத்தோடு வந்தார்.

"அடுத்த மேட்சுல உனக்குத்தான் பாடு, செல்வி."

"அந்த ரெண்டு பேர் திரும்ப வர்றதுக்கும் பாடு போட்டு வெச்சிருக்கீங்களா சார்?"

வேன் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.