நடிக்கத் தெரியாதவள்

என் அம்மாவை எண்பத்தெட்டு வயது வரை இழுத்து வந்தது கோபம்தான். டாக்டர்கள் வேறு காரணம் சொல்வார்கள்; அவர்கள் யாரும் அவளோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்பது அவள் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யாருடைய பிள்ளை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிறது, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள்; தொண்டை ஓய்வு பெறவில்லை. இப்போது இருக்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்கு முழங்கால் வலித்தால் கடைசி அறை வரை கேட்கும். மாத்திரை ஓடி வரும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

பட்டது கல்யாணமான முதல் வருஷம். ஒரு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுருண்டுவிட்டாள். என்னடி இவளுக்கு என்று மாமியார் கேட்க, மூத்த மருமகள், அதாவது என் பெரியம்மா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணுமில்ல அத்தை. வேலைக்குப் பயந்து நடிக்கிறா."

வீடே அதை நம்பியது. மறுநாள் குடல்வால் வெடித்தது. அம்மா பிழைத்ததே அதிசயம். பிறகு நான் ஒருத்தி பிறந்தது இன்னொரு அதிசயம். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அன்றிலிருந்து பெரியம்மாவை 'அக்கா' என்று அவள் கூப்பிட்டதே இல்லை. "ஒரு நாள் அவ என் கையில சிக்குவா" என்பாள், காய் நறுக்கும்போதுகூட.

சிக்கினாள். தொண்ணூற்றொரு வயதில் பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவள் மகன், என் அண்ணன், "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் வாங்கி வைத்தான். தூக்கவும் புரட்டவும் முடியாமல் போனதும், அம்மா இருக்கும் அதே இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தான். போன இடத்திலெல்லாம் வலிக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். போன இடத்திலெல்லாம் பெரியம்மா "ஒண்ணுமில்ல" என்றாள். கேட்டவர்களுக்கும் அதுதான் வசதி.

சேதி தெரிந்ததும் அம்மா மேட்ரன் முன்னால் போய் நின்றாள். "என் பக்கத்துக் கட்டில் காலியாத்தானே இருக்கு? அவளை அங்க போடுங்க."

மேட்ரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓரகத்திங்க நடுவுல இப்படி ஒரு பாசமா!"

நான் கட்டிலுக்கு விரிப்பு தேடப் போனேன்.

அன்று மாலையே அம்மா திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு ஆரம்பித்தாள். "என்னைத் தெரியுதா? வயித்துல தையல் போட்டுக்கிட்டு வந்தேனே, அவதான்." பெரியம்மா கண்ணை இறுக்கிக்கொண்டு முனகினாள். அம்மா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மறுபடி முனகல். ஒரு வாரம் இதே கதை. ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு, செவிடன் காதில் ஊதிய சங்காகப் போனது. "பழி வாங்கக்கூட விடமாட்டேங்கிறா பாரு" என்று என்னிடம் பொருமினாள்.

அடுத்த முறை நான் போனபோது, ஆயா பெரியம்மாவைத் துடைத்துவிட வந்திருந்தாள். இடுப்பில் கை வைத்ததும் பெரியம்மா பட்டென்று அவள் கையில் அடித்தாள்.

"டாக்டர் கேட்டா ஒண்ணுமில்லைங்குது, தொட்டா அடிக்குது" என்றாள் ஆயா. "எல்லாம் நடிப்பு. உங்களுக்குத் தெரியாததா பாட்டிம்மா, எப்பவும் இப்படித்தானா?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நின்றது. அம்மா முகத்தில் சிரிப்பு படர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும் உள்ளுக்குள் இனித்தது, ஏன் மறைக்க வேண்டும்?

"எப்பவும் இப்படித்தான்" என்றாள் அம்மா.

ஆயா ஒரே இழுப்பாக இழுத்துப் புரட்டினாள். பெரியம்மா கத்தவில்லை. கீழுதடு மட்டும் பல்லுக்குள் போனது. வலியை விழுங்கும் அந்த முகத்தை அவள் மகன் பார்த்ததைவிட எதிரி பார்த்ததுதான் அதிகம். அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து வாசலுக்குப் போய், பழைய மைக் குரலில் ஒரு போடு போட்டாள்: "கவனிக்கவும்! நாலாம் கட்டிலுக்கு வலி! டாக்டர் உடனே வரவும்!"

வந்தார். "பாட்டி, வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல."

"அவளைக் கேக்காதீங்க" என்றாள் அம்மா. "அவ ஒண்ணுமில்லன்னு சொன்னதை நம்பித்தான் எங்க வீட்டுல ஒருத்தி சாகப் பார்த்தா. காலை அசைச்சுப் பாருங்க."

அசைத்துப் பார்த்தவர் முகம் மாறியது. படம் எடுத்ததில், உள்ளே வைத்த திருகாணி ஒன்று நகர்ந்திருந்தது. இந்த வயதில் மறுபடி ஆபரேஷன் தாங்காது என்று, வேளை தவறாமல் கொடுக்கச் சொல்லி வேறு வலி மாத்திரை எழுதினார். "அவங்க மேல ரொம்பப் பிரியமோ?" என்று சிரித்தார்.

"பிரியமா? முனகுறவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? தெளிவா இருந்து கேக்கணும்."

மூன்றாம் நாள் பெரியம்மா நன்றாகக் கண் திறந்தாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அத்தனை பேச்சில் ஒன்றுதான் வெளியே வந்தது. "நான் அன்னைக்கு நடிக்கல."

பெரியம்மா அவளையே பார்த்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நீயும் படுத்துட்டா எல்லாம் என் தலையில விழும். எனக்கும் அப்ப உடம்பு முடியல. சொன்னா யாரு நம்புவா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. தெரிந்தே சொல்லியிருக்கிறாள்! இல்லை என்று மறுத்தால் சொல்ல அம்மா ஒரு பதில் வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டால் சொல்ல அதைவிடக் கொடிதாக ஒன்று வைத்திருந்தாள். இதற்கு ஒன்றுமே வைத்திருக்கவில்லை. தன் கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

கட்டிலை மாற்றச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து மறுநாள் சீக்கிரமே போனேன். மாத்திரை இன்னும் வரவில்லை. பெரியம்மாவின் கீழுதடு உள்ளே போயிருந்தது. "வலிக்குதா பெரியம்மா?" என்றேன்.

"ஒண்ணு..."

அதற்குள் கட்டிடமே அதிர்ந்தது. "கவனிக்கவும்! நாலாம் கட்டிலுக்கு வரவேண்டிய மாத்திரை இன்னும் வந்து சேரவில்லை!"

பிறகு அம்மா பெரியம்மாவின் காதருகே குனிந்தாள். "செத்துகித்துத் தொலைச்சுடாத. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."