தொட்டியில் ஊற்றிய உப்புத் தண்ணீர்

அண்ணனுடைய சிறிய டிராக்டரின் இன்ஜினைக் கெடுத்தவன் நான்தான். லைட்ஹவுஸ் குப்பத்து எல்லப்பன் அல்ல. அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் இத்தனை வருடங்களாக வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பீர்கள். அண்ணனின் நற்குணங்களை எழுத உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் கை ஓடவில்லை. எழுந்து நடப்பதும் மறுபடி உட்காருவதுமாகப் பல நாட்கள் போயின. எனவே இதை முதலில் சொல்லிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது அனுப்பம்பட்டுக்குக் கிழக்கே, நெல்லும் சவுக்கும் விளையும் எங்கள் ஊரில். நைனா காலமானபோது அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த மறுநாள் தம் புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏர் பிடிக்கப் போனார். அவர் உழுதார், நான் ரயிலேறிக் கல்லூரிக்குப் போனேன். மீஞ்சூரில் வேதியியல் ஆசிரியரானேன். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டே ஓய்வு பெற்றவன் நான்.

மல்லித் தோட்டத்து வேலைக்கென்று அண்ணன் அந்த டிராக்டரைப் பழையதாக வாங்கினார். தோட்டத்தில் வேலை இல்லாத மாதங்களில் அது குப்பத்தில் நிற்கும். கரை சேரும் ஃபைபர் படகுகளை மணலில் இழுத்து மேலேற்றும். அங்கே அதற்குப் பொறுப்பு எல்லப்பன். மீன்பிடிக்காரரான அவரும் அண்ணனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். எங்கள் வீட்டில் மீன் வாசம் வந்தால், "உன் ரெண்டாவது புருஷன் வந்துட்டாரா?" என்று அண்ணியைக் கேலி செய்ய அண்ணன் தயங்கியதில்லை. எல்லப்பனும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த இன்ஜினுக்கு மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. ஓட ஓடத் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். மீண்டும் நிரப்ப வேண்டும். பக்கத்திலேயே பழவேற்காட்டு ஏரி கிடந்தாலும் அந்த உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது. தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். குப்பத்துக் குழந்தைக்கும் இது தெரியும். எல்லப்பன் தம் வீட்டுக் குடிதண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவார்.

அண்ணன் ஒருமுறை அண்ணியின் ஊருக்குத் துக்கத்திற்குப் போயிருந்தார். அன்று கடலில் காற்று மாறியது. படகுகளை அவசரமாக ஏற்ற வேண்டியிருந்தது. எல்லப்பனே கடலில் இருந்ததால் அவர் வீட்டில் சாவியை வாங்கி நான் ஓட்டினேன். வாத்தியாருக்கும் ஓட்டத் தெரியும் என்று காட்டும் ஆசை. நடுவில் தொட்டி கொதித்து வற்றியது. குடம் காலி. ஊர்க் குழாய் தூரம். ஏரியில் ஒரு வாளி மொண்டு ஊற்றினேன், பிறகு இன்னொன்று. வேலை முடிந்ததும் வடித்துவிடவும் இல்லை. எல்லப்பன் கரையேறியதும் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பல நாள் வண்டி ஓடாமல் நின்றபின் அண்ணன் திரும்பி வந்து, இன்ஜினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றினார். இன்ஜின் அசையவில்லை. தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"குப்பத்தானுக்கு உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் வித்தியாசம் இன்னா தெரியும்?"

எல்லப்பன் என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் மணலைப் பார்த்தேன். அவர் சாவியை டிராக்டர் இருக்கையில் வைத்துவிட்டு நடந்தார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அண்ணனும் குப்பத்துக்குப் போகவில்லை. டிராக்டர் எங்கள் வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குள் நின்றது. அதை விற்கச் சொன்னவர்களோடு அண்ணன் சண்டை போட்டார்.

ஓய்வு பெற்றபின் எனக்கு நிம்மதி இல்லை. அண்ணனுக்கு நெஞ்சு நோய் முற்றிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட வைத்துவிட்டால் வாயைத் திறக்க வேண்டியிராது என்று கணக்குப் போட்டேன். பழவேற்காட்டில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் காதர் பாயை அழைத்து வந்தேன். தொட்டியைச் சுரண்டிய அவர், வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் உதிர்வதைப் பார்த்து, "இன்னா சார், உள்ள உப்பளம் வெச்சிருக்கீங்களா?" என்றார். நான் சிரித்துவைத்தேன். பிஸ்டன் துருவில் கவ்விப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கினோம். லைனர், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். விரிசல் விட்ட மேல்மூடிக்குப் பதில் பழைய இரும்புக் கடையில் ஒன்றைத் தேடிப் பிடித்தார் பாய். வேலை நடந்த நாளெல்லாம் நான் உட்காரவில்லை. பாய் தேநீர் குடிக்கப் போனாலும் கோபம் வந்தது.

ஒருநாள் இன்ஜின் இருமி, புகைந்து, ஓடியது. சத்தம் கேட்டு அண்ணன் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். சூடேறிய தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"அவன் கெடுத்தத நீ சரி பண்ணிட்டடா."

அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் டிராக்டரின் படியில் உட்கார்ந்து, "அப்போ நான் சொன்ன வார்த்தை?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி என்னிடம், "உன் சுமைய எறக்கி அவர் தலையில வெச்சிட்டியே, தம்பி" என்றார். உண்மைதான். நான் அதுவரை இதை நினைத்துப் பார்க்கவில்லை.

குப்பத்துக்குப் போய், கரையில் எல்லோர் முன்னிலையிலும் எல்லப்பனிடம் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவர் வலையில் இருந்து கையை எடுக்கவில்லை. நான்தான் ஓட்டினேன் என்பது தெரிந்தும் ஏன் அன்றே அண்ணனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க அண்ணன் என்னக் கேக்கலயே, வாத்தியாரே. நான்தான்னு அவரே முடிவா சொல்லிட்டாரு."

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். "வண்டிய எடு" என்றார். அண்ணி தடுத்தார், நானும் தடுத்தேன். கேட்கவில்லை. டிரெய்லரில் பாய் விரித்து அவரை உட்காரவைத்து, மெதுவாக ஓட்டிப் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் இருமல் என் முதுகில் கேட்டது. கரையில் அவரால் இறங்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே கை கூப்பி, அன்று பேசிய அதே உரத்த குரலில் பேச முயன்றார், மூச்சுதான் வந்தது.

"கேட்டிருக்கணும், எல்லப்பா. உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

எல்லப்பன் வீட்டுக்குள் போய்விட்டார். போய்விட்டாரே என்று நான் பதறினேன். அவர் குடத்தோடு வந்தார். ஒரு சொம்பு மொண்டு அண்ணனைக் குடிக்க வைத்தார். மீதியை இன்ஜின் தொட்டியில் ஊற்றினார். "வெயில்ல இன்னாத்துக்கு வந்த அண்ணே" என்றார்.

அண்ணன் அந்த மாதமே காலமானார். கடைசி நாட்களில் எல்லப்பன் தினமும் வந்து கால் பிடித்துவிட்டார். என்னிடம் மட்டும் அண்ணன் முன்போலப் பேசவில்லை. எனக்கு அது நியாயமே.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும், கூலி வாங்க மறுத்த காதர் பாய்க்கும், பாடை தூக்கத் தொழிலை விட்டு வந்த குப்பத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. அண்ணன் சொன்னபடி டிராக்டர் இப்போது குப்பத்தில் இருக்கிறது. படகு இழுக்க நானும் போகிறேன். என்னை ஓட்ட விடுகிறார்கள். ஆனால் தொட்டி வற்றும்போது நான் குடத்தை எடுக்கப் போனால், இன்றுவரை எல்லப்பன் குறுக்கே வந்து நிற்கிறார்.

"நீ உக்காரு, வாத்தியாரே. தண்ணி நான் ஊத்துறேன்."